தலைகுனிச் சாமந்தி

தீட்சை வேண்டும் என்று வந்து நின்றவர்களிடம் யோகாம்பாள் அம்மா முடியாது என்று சொன்னதே கிடையாது. மாடத்திலிருந்து ஒரு தகர டப்பாவை எடுப்பார். வந்தவரின் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை விதையைக் கொட்டுவார்.

"முற்றத்துல போடுங்க. பூத்ததும் வாங்க."

அவ்வளவுதான். மேற்கொண்டு கேட்டால் தூங்கப் போய்விடுவார்.

விதை சீரகம் மாதிரி இருக்கும், நுனியில் கொஞ்சம் பஞ்சோடு. வடக்கே பனிமலையில் இருந்த அம்மாவின் மடத்துக்கு மேலே, மரங்களெல்லாம் முடியாது என்று நின்றுவிட்ட உயரத்தில், சரளைக்கும் பாறைக்கும் நடுவே முளைக்கிற செடி அது. சாண் உயரம்தான். சாமந்திக்குப் பங்காளி என்று பார்த்ததுமே தெரியும். அதே மஞ்சள், சுற்றிலும் அதே இதழ். ஆனால் இந்தப் பூ நிமிராது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார வைத்த பெண் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டே பூக்கும். முகத்தைப் பார்க்க வேண்டுமானால் பார்க்கிறவர்தான் மண்டி போட வேண்டும்.

மலையில் ஆடு மேய்க்கிறவர்கள் அதற்கு வாயில் நுழையாத ஏதோ பெயர் சொன்னார்கள். வேதநாயகி தன் வசதிக்குத் தலைகுனிச் சாமந்தி என்று வைத்துக்கொண்டாள்.

மலையில் அது தானாக வளரும். ஆடு மிதித்தாலும் வளரும். மடத்து முற்றத்துக்கு இறங்கி வந்தால் மட்டும் செத்துப்போகும். அதனால் அந்த மடத்தில் தீட்சை வாங்கினவர்கள் குறைவு. மூட்டை கட்டினவர்கள்தான் அதிகம். ஓய்வுபெற்ற இன்ஜினீயர் ஒருவர் மட்டும் மூளையை உபயோகித்தார். பூத்த செடியை மலையிலிருந்து வேரோடு பெயர்த்து வந்து முற்றத்தில் நட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா மண்டி போட்டு பூவின் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. உங்களைப் பார்க்கறதுக்கு முன்னாடியே பூத்திருச்சு போல."

இன்ஜினீயர் அந்த வாரமே கீழே இறங்கினார். செடியும் அதே வாரம் போய்ச் சேர்ந்தது.

வேதநாயகி திருச்சிக்காரி. காசிக்கென்று கிளம்பி இந்த மலைக்கு ஏறி வந்தவள். ஐம்பத்தெட்டு வயது. கணவர் காலமாகிவிட்டார். மகன் ஒருவன் உண்டு. மடத்தில் யாராவது கேட்டால் "இருக்கான்" என்பாள், பெயர் சொல்ல மாட்டாள். குருவுக்கு இவளைவிடப் பதினேழு வயது குறைவு. ஆனாலும் இவள் அவரை அம்மா என்பாள், அவர் இவளை அக்கா என்பார். உறவுமுறைப் பாடத்தில் பரீட்சை வைத்தால் அந்த மடத்தில் ஒருவரும் தேற மாட்டார்கள்.

வீட்டில் ஆறு பேருக்குச் சமைத்தவள், முக்தி தேடி வந்த இடத்தில் கோடையில் எட்டுப் பேருக்கும் குளிரில் இரண்டு பேருக்கும் சமைத்தாள். சராசரி பார்த்தால் பெரிய லாபமில்லை. அடுப்பு மட்டும் மாறியிருந்தது. கேஸ் போய் விறகு வந்திருந்தது.

விதை கைக்கு வந்ததும் அவள் செய்ததெல்லாம் தெரிந்த வேலைதான். முப்பது வருஷம் மொட்டை மாடியில் தொட்டிச் செடி வளர்த்தவளுக்குப் பாடம் வேண்டுமா? மண்ணைச் சலித்தாள். சாணி எரு போட்டாள். அரிசி கழுவின தண்ணீரை ஒரு சொட்டு வீணாக்காமல் அதற்கே ஊற்றினாள். புளித்த மோரும் ஒரு நாள் ஊற்றினாள். விதை முளைக்கவில்லை. கிளறிப் பார்த்தபோது அழுகி நாறியது.

"சாப்பாடு ஜாஸ்தி" என்றார் அம்மா, அந்தப் பக்கம் போகிற போக்கில்.

அடுத்த தடவை குளிருக்குப் பயந்து அடுப்படியிலேயே மண்சட்டியில் விதைத்தாள். அது சில நாளிலேயே முளைத்து, வெளிச்சத்தைத் தேடி நூல் மாதிரி நீண்டு, ஒருநாள் காலையில் சட்டி விளிம்பில் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தது. தலைகுனிவது அதன் வழக்கம் என்று வேதநாயகி இரண்டு நாள் காத்திருந்தாள். அதற்கு அப்புறம்தான் சட்டியைக் கவிழ்த்தாள்.

மூன்றாவது தடவை அவளுக்கே அலுத்துப்போயிற்று. எருவும் போடவில்லை, மண்ணைச் சலிக்கவும் இல்லை. இலையுதிர் காலத்தில் வாசற்படிக்குப் பக்கத்தில், இரண்டு கல்லுக்கு நடுவே கொஞ்சம் சரளையை அள்ளிப் போட்டு விதையைத் தூவினாள். போனால் போ என்று விட்டுவிட்டாள்.

அது வந்தது.

பனி உருகினதும் கடுகளவு பச்சை தெரிந்தது. கோடை முடிவதற்குள் நாலு இலை. வட்ட இலை, பின்பக்கம் லேசான ரோமம். வேதநாயகி ரொட்டி சுடும்போது நடுவில் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போவாள். ரொட்டி கருகும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சொன்னால் நாளைக்கு அதுவும் இருக்காது என்று தெரியும்.

"ஏன்க்கா இதை வாசல்ல வெச்சீங்க?" என்று கேட்டார் அம்மா. "பின்னாடி அவ்வளவு இடம் கிடக்கு."

"வாசல்ல இருந்தாத்தானே கண்ணுல படும்."

"யார் கண்ணுல?"

"போறவங்க வர்றவங்க கண்ணுலதான்."

அம்மா பாதையைப் பார்த்தார். தூரத்தில் ஒரு ஆடு போய்க்கொண்டிருந்தது.

குளிர் தொடங்கும்போது இலைகள் பழுத்து விழுந்தன. அது வழக்கம்தான், வேரில் உயிர் இருக்கும், அடுத்த கோடையில் மொட்டு வைக்கும் என்று மேய்ப்பர்கள் சைகையில் சொல்லிவிட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு இறங்கினார்கள். அவர்களோடு மற்ற சிஷ்யர்களும் இறங்கினார்கள். பாதை மூடியது. மடத்தில் இரண்டு பெண்கள் மிஞ்சினார்கள்.

பிறகு பனி கொட்ட ஆரம்பித்தது.

விடியற்காலையில் எழுந்து வாசல் பெருக்குவது வேதநாயகிக்கு மூச்சு விடுகிற மாதிரி. திருச்சியில் ஜுரத்திலும் பெருக்கினாள், கணவர் போன பத்தாம் நாள் காரியத்தன்றும் பெருக்கினாள். இங்கே வாசலில் குப்பை இல்லை, பனிதான் இருந்தது. அதற்காக விட்டுவிட முடியுமா? பலகையால் பனியைத் தள்ளினாள். மிச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டினாள். இரண்டு கல்லுக்கு நடுவே இருந்ததை மட்டும் குனிந்து விரலாலேயே வழித்தாள். பாவம், பிஞ்சு, இவ்வளவு சுமையைத் தலையில் தாங்குமா? எல்லாம் முடிந்ததும் சுத்தமான கல்தரையில் அரிசி மாவால் நாலு புள்ளி வைத்து ஒரு கோலம். வெள்ளைக்கு நடுவில் வெள்ளைக் கோலம். அரை மணி நேரத்தில் அதன்மேலும் பனி விழும்.

ஒரு நாள் அம்மா கதவருகே வந்து நின்றார். ஆண்பிள்ளை ஸ்வெட்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு, மஃப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, கையில் டீ.

"விடுங்கக்கா. பங்குனி வரைக்கும் ஒரு காக்கா கூட வராது."

"வாசல் அப்படியே கிடந்தா உள்ள ஆள் செத்துட்டாங்கன்னு அர்த்தம்."

"நாம உயிரோட இருக்கறது நமக்குத் தெரிஞ்சா போதாதா?"

"நீங்க போய் டீயைக் குடிங்கம்மா. ஆறிடும்."

அம்மா போய் டீயைக் குடித்தார்.

பனிக்காலம் முழுக்க இதுதான். கை வெடித்தது. முதுகு பிடித்துக்கொண்டது. மதியம் தியானத்தில் உட்கார்ந்தால் கண் சொக்கியது, ராத்திரி படுத்தால் கண் மூடவில்லை. எழுந்திருப்பதே பெரிய காரியமாக இருந்தது. ஆனாலும் எழுந்தாள், பெருக்கினாள்.

ஒருவழியாக வெயில் வந்தது. பாதை திறந்தது. கோவேறு கழுதைக்காரன் அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு முதல் ஆளாக மேலே வந்தான். மூட்டையை இறக்கி முடிப்பதற்குள் வேதநாயகி அவனிடம் அரைகுறை இந்தியில் கேட்டாள்:

"கீழ யாராவது விசாரிச்சாங்களா?"

"யாரை?"

"ஒண்ணுமில்ல. டீ குடிக்கறியா?"

அவன் மறுநாள் விடிந்ததும் இறங்குவதாகச் சொன்னான்.

அன்றைக்கு மத்தியானம் அவள் கல்லிடுக்கில் விரலை விட்டுப் பார்த்தாள். மற்ற இடங்களில் புல் தலைகாட்டிவிட்டது, இங்கே ஒன்றையும் காணோம். லேசாகக் கிளறினாள். வேர் முடிச்சு கையோடு வந்தது. வடிகட்டின டீத்தூள் மாதிரி கருப்பாக, ஈரமாக. அழுத்தினதும் நசுங்கிப் போயிற்று.

அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அம்மா வெயிலில் கம்பளிகளை உதறிக்கொண்டிருந்தார்.

"செத்துப் போச்சு."

"எது?"

"என் தீட்சை."

அம்மா கம்பளியைக் கயிற்றில் போட்டுவிட்டு அவள் கையைப் பார்த்தார்.

"வேற விதை தரட்டுமா?"

"வேண்டாம். போதும். எனக்கு இனிமே விதைக்கத் தெம்பு இல்ல." வேதநாயகியின் குரல் உயரவில்லை. உயர்த்தவும் தெம்பு வேண்டுமே. "நாளைக்குக் கழுதைக்காரன் இறங்கறான். தீட்சை உண்டா இல்லையான்னு இன்னைக்கே சொல்லிடுங்க. இல்லேன்னா அவனோட கிளம்பறேன்."

"எங்க?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை.

"எங்கயாவது. நாட்டுல மடத்துக்கா பஞ்சம்?"

"பஞ்சமில்லதான். ஷூவைப் போடுங்க. மேல ஒரு நடை போய்ட்டு வரலாம்."

"உண்டா இல்லையான்னு கேட்டா நடக்கச் சொல்றீங்களே."

"உக்காந்து கேட்டா உங்களுக்குத் தூக்கம் வருதுக்கா."

ஏறினார்கள். அம்மா முன்னால், வேதநாயகி பின்னால். அவளுடைய வலது முழங்கால் பத்தடிக்கு ஒருமுறை தன் அபிப்பிராயத்தைச் சொன்னது. அம்மா திரும்பிப் பார்க்காமலே நின்று நின்று போனார். மேலே வெயில் பட்ட சரிவெல்லாம் சரளை தெரிந்தது. பாறை நிழலில் மட்டும் பனி இன்னும் திட்டுத் திட்டாகக் கிடந்தது. காற்று ஊசி போட்டது.

ஒரு பனித்திட்டின் அருகே அம்மா மண்டி போட்டார். கல் ஒன்றை எடுத்து மேலோட்டை உடைத்தார். முழங்கை ஆழத்துக்குத் தோண்டினார். ஒதுங்கிக்கொண்டார்.

"கையை விடுங்க."

"விறைச்சுப் போயிடும்."

"விடுங்கக்கா."

வேதநாயகி பல்லைக் கடித்துக்கொண்டு கையை விட்டாள். விறைக்கவில்லை. காற்றில் மரத்துக் கிடந்த விரல்களுக்கு உள்ளே நிம்மதியாக இருந்தது. அடியில் கொஞ்சம் வெற்றிடம், ஈர மண், சரளை. நடுவில் உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டது. தொட்டால் கெட்டியாக இருந்தது, பட்டாணி மாதிரி. குனிந்து எட்டிப் பார்த்தாள். சிவப்பும் பச்சையுமாக ஒரு முளை. உயிரோடு இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டமே.

"மேல இவ்வளவு பனி. கீழ எப்படி..."

"அதுதான் அதுக்குக் கம்பளி. அது மூடி இருக்கிற வரைக்கும் குளிர் உள்ள இறங்காது. எடுத்துட்டா காத்து ஒரே ராத்திரியில முடிச்சுடும்."

வேதநாயகி கையை வெளியே எடுக்க மறந்து அப்படியே இருந்தாள். துடைப்பம் கண் முன்னால் வந்தது. விரலால் வழித்தது வந்தது. எவ்வளவு அக்கறையாக வழித்தாள்.

பிறகு கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் எப்போதுமே சரியான நேரத்துக்குக் கைகொடுக்கும்.

"பார்த்துக்கிட்டே இருந்தீங்களே. ஒவ்வொரு நாளும் கதவுல நின்னுக்கிட்டு, டீயைக் குடிச்சுக்கிட்டு. ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா?"

"சொன்னேனே. விடுங்கன்னு."

"செடி செத்துடும்னு சொல்லலையே."

"செடிக்காகச் சொல்லலக்கா. உங்க கை வெடிச்சு ரத்தம் கசிஞ்சுது, அதுக்காகச் சொன்னேன்." அம்மா பனியைப் பழையபடி குழிக்குள் தள்ளி மூடினார். "செடி போனா டப்பாவுல விதை இருக்கு."

வேதநாயகி தன் கையைப் பார்த்தாள். வெடிப்புகள் இன்னும் மூடவில்லை.

"யாருக்காகப் பெருக்கினீங்க?"

"வாசல்னா பெருக்கணும். மகாலட்சுமி வர்ற இடம்."

"இவ்வளவு உயரத்துக்கா? பாவம், அவளுக்கு மூச்சு முட்டும்."

வேதநாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பாறையோரமாக உட்கார்ந்தாள். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். கீழே மடத்தின் கூரை தெரிந்தது, வாசல் தெரிந்தது, வாசலிலிருந்து கிளம்பி மலையைச் சுற்றி இறங்குகிற பாதை தெரிந்தது. அம்மா ஸ்வெட்டர் பையிலிருந்து வெல்லக்கட்டி எடுத்து ஒன்றை இவளிடம் நீட்டினார். இவள் வாங்கிக்கொண்டாள், வாயில் போடவில்லை.

"அந்த வளைவுல வர்றப்பவே மடத்து வாசல் தெரியும்" என்றாள். "பனி அப்படியே கிடந்தா, இங்க ஆள் இல்லன்னு நினைச்சுத் திரும்பிப் போயிடுவான்."

"யாரு?"

"அதிபன்."

மலைக்கு வந்ததிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. செந்திலதிபன் என்று முழுசாக வைத்தது அவள்தான். வீட்டுக்காரர் நீளமாக இருக்கிறது என்றார், அவள் கேட்கவில்லை.

"பாதை மூடிக் கிடந்துச்சேக்கா. வளைவுல ஆள் உயரத்துக்குப் பனி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான் பெருக்கினேன். என்ன பண்ணச் சொல்றீங்க?"

அம்மா ஒன்றும் பண்ணச் சொல்லவில்லை. வெல்லத்தை மென்றார்.

"ஒண்ணும் பெரிய சண்டை இல்லம்மா. மருமக அடுப்படியை எடுத்துக்கிட்டா. நல்லாத்தான் சமைச்சா, குறை சொல்ல முடியாது. 'நீ எதுக்கும்மா கஷ்டப்படற, சும்மா உக்காரு'ன்னான். அவன் அன்பாத்தான் சொன்னான். எனக்குச் சுருக்குன்னுது. காசிக்குப் போறேன்டான்னேன்."

"ம்."

"போகாதேன்னு சொல்லுவான்னு நினைச்சேன். டிக்கெட் போட்டுட்டான். கீழ் பெர்த், ஜன்னலோரம். 'உனக்கு வசதியா இருக்கும்மா'ன்னான். ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியை சீட்டுக்கு அடியில தள்ளிச் சங்கிலி போட்டுக் குடுத்தான். ரெண்டு பாட்டில் தண்ணி வேற."

"நல்ல பிள்ளை."

"நல்ல பிள்ளைதான். கெட்டவனா இருந்தா திட்டிட்டு மறந்திருப்பேன். கீழ் பெர்த் போட்டவனை என்னன்னு திட்டறது?"

காற்று கொஞ்சம் அடங்கியது. கீழே கழுதைக்காரன் மடத்துச் சுவரோரம் கழுதைகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தான். இங்கிருந்து பார்க்க எறும்பு மாதிரி இருந்தான்.

வேதநாயகிக்குக் கேட்க வந்த கேள்வி மறந்துவிட்டது. ஞாபகப்படுத்திக்கொண்டு கேட்டாள். ஆனால் கீழே கேட்டபோது இருந்த வேகம் இப்போது அதில் இல்லை.

"அங்க எனக்கு வேலையில்ல. இங்க எனக்குப் பூக்கல. நான் என்னம்மா பண்றது?"

"முதல்ல அந்த வெல்லத்தைத் தின்னுங்க."

தின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. காற்றுதான் காரணம் என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு பாறையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினாள். அப்படியே இன்னும் ஆயிரம் வருஷம் எழுந்திருக்க வேண்டாம் என்று இருந்தது.

"அசதியா இருக்கும்மா" என்றாள். "எலும்பெல்லாம் அசதி. அப்படி என்ன வேலை பண்ணிக் கிழிச்சுட்டேன்? ரெண்டு பேருக்குச் சமையல், ஒரு வாசல். வந்த நாள்லேருந்து இந்த மலையை விட்டு ஒரு அடி வெளிய வெச்சதில்ல."

யோகாம்பாள் அம்மா எழுந்து முழங்காலில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினார். அவள் எழுந்திருப்பதற்குக் கையை நீட்டினார்.

"அசதி இல்லாம எப்படிக்கா இருக்கும்? இத்தனை வருஷமா தினமும் திருச்சிக்கு நடந்தே போய்ட்டு நடந்தே வந்துக்கிட்டு இருக்கீங்க. நாளைக்கு ஒரு தடவை கழுதை மேல ஏறிப் போங்க."